சாவுமலையில் ஐம்பத்தைந்து சதவீதம்

ஒல்மான் கிரோஸ் நல்ல மனிதர்தான். எங்கள் கார்த்தாகோ ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தப்பான வண்டியை ஒருவர் தலையிலும் கட்டியதில்லை, விற்ற பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. ஆனால் பொறாமை என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர் தன் வசத்தில் இருக்க மாட்டார். இன்று நேற்று வந்த குணமில்லை அது. ஏழு வயதில், அண்ணனுக்குப் புது ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர். நாலாவது நாள் அந்த பூட்ஸ் இரண்டிலும் உருளைக்கிழங்கு வயலின் சேற்றை ரொப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். சொல்லத்தானே வேண்டும்.

முதலாளியம்மா தோன்யா மயேலாவின் கார் ஷோரூமில் அவருக்கு இருபத்தாறு வருஷம். அவர் கார் விற்கிற தினுசே தனி. காரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தம்பி பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சுதா?" என்று ஆரம்பிப்பார். அரை மணி கழித்து வந்தவர்களை வண்டியில் ஏற்றி, தெற்கே சாவுமலைப் பாதையில் கொண்டுபோவார். மூடுபனியும் லாரிகளும் பள்ளமுமாக மூவாயிரத்து முந்நூறு மீட்டர் உயரம் வரை ஏறுகிற அந்தப் பாதையில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. எந்த ஏற்றத்தில் எந்த வண்டி எத்தனை லிட்டர் குடிக்கும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "இந்த மலை ஏறுனா எந்த மலையும் ஏறும்" என்பார் கடைசியில். அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் அப்பா, மகன், பேரன் என்று வரிசையாக அவரிடம்தான் வாங்கினார்கள். வாசலில் நுழையும்போதே "தொன் ஒல்மான் இருக்காரா?" என்று மரியாதையோடு கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அவருக்குச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டில் மண்ணைப் போட வந்தாள் யோர்லேனி.

இருபத்தொன்பது வயசு. குவானகாஸ்தே பக்கத்துப் பெண். அங்கே நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை, மாடும் வெயிலும்தான். மின்சார வண்டிப் பிரிவுக்கென்று தோன்யா மயேலா அவளை எடுத்தபோது ஒல்மான் சிரித்தார். சீனத்திலிருந்து கப்பலில் வந்த அந்தச் சின்ன வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் வெச்சிருக்கான். உள்ள பாலு வெக்கலாமா?"

"வெக்கலாம் தொன் ஒல்மான். ஆனா உங்க மூஞ்சியைப் பாத்தாப் புளிச்சிரும்" என்றாள் யோர்லேனி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு முதல் முள் ஏறிவிட்டது. தொழிற்சாலை ஆள் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது, முதல் நாள் பாதியிலேயே எம்பனாடா பலகாரம் சாப்பிடப் போகிறேன் என்று எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. ஒரு எம்பனாடா சாப்பிட எத்தனை நேரம் ஆகும்? அவருக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

வண்டி விற்காது என்றுதான் நினைத்தார். விற்றது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் தலைநகருக்குள் நுழைய முடியாமல் விழிக்கிறார்கள், மின்சார வண்டியின் பச்சை நம்பர் பலகைக்கு அந்தத் தடை கிடையாது. அது போதாதா? குட்டி வண்டி, சந்தையில் எங்கே வேண்டுமானாலும் செருகி நிறுத்தலாம், சத்தம் ம்ம்ம் என்று ஒரு முனகல்தான். ஊரே அதற்குக் கொலிப்ரி என்று பெயர் வைத்துவிட்டது. பூ முன்னால் சிறகடித்து நிற்குமே, அந்தக் குருவியின் பெயர். முதல் மாதம் இரண்டு, மூன்றாம் மாதம் ஏழு, ஆறாம் மாதம் பதினாறு. ஷோரூம் வாசலில் நுழைகிறவர்கள் "யோர்லேனி இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கிறவர்களில் இவர் யாருக்கு ஞானஸ்நான விருந்தில் வாழையிலையில் கட்டின தமாலே உரித்துக் கொடுத்தாரோ அவர்களும் இருந்தார்கள். ஒல்மான் மேசையில் குனிந்துகொண்டு இல்லாத காகிதத்தைத் தேடுவார்.

அதையாவது பொறுத்திருப்பார். அந்தக் கடிதம்தான் அவரை முடித்தது.

எங்கள் ஊர்த் தெருவோரச் சாக்கடை ஆழமானது. மழை அப்படி. வீட்டு வாசலில் ஏற்றும்போது கொலிப்ரியின் அடிவயிறு தரையில் உரசுகிறது என்று வாங்கினவர்கள் புலம்பினார்கள். யோர்லேனி சும்மா இருந்தாளா? முப்பது வாசல்களுக்குப் போய், தரையில் குப்புறப் படுத்து அளவெடுத்து, படம் பிடித்து, தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டாள். எட்டு மாதம் கழித்து வந்த புது வண்டி மூன்று விரல் உயரமாக வந்தது. கூடவே ஒரு கடிதம். உங்கள் ஊழியர் யோர்லேனியின் குறிப்புகளின்படி மாற்றியிருக்கிறோம், நன்றி என்று. தோன்யா மயேலா அதைச் சட்டம் போட்டுக் காபி மேசைக்கு மேலே மாட்டிவிட்டார்.

காபி குடிக்கப் போகும்போதெல்லாம் ஒல்மான் அதைப் படிக்க வேண்டியதாயிற்று. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஏன் எரியாது? ஒரு காலத்தில் அவரும் எழுதியவர்தான். பிக்கப்பின் பக்கக் கண்ணாடி இன்னும் நாலு விரல் வெளியே நீண்டால் மூடுபனியில் லாரி தெரியும் என்று, பக்கத்து வீட்டு டீச்சரிடம் திருத்தி வாங்கி, வேறொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார். "கிடைத்தது" என்றுகூட ஒரு வரி வரவில்லை. இவள் எழுதினால் உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு வண்டியே எழுந்து நிற்கிறது!

வீட்டில் போய்க் கரித்துக் கொட்டினார். மனைவி அனியா அடுப்பில் வெல்லத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன் இப்படிப் பொசுங்குறீங்க? நான்கூட அவகிட்ட கேட்டு வெச்சிருக்கேன், ஒரு கொலிப்ரி எனக்கும்னு. ஊதா கலர் வருதாமே?"

அன்று ராத்திரி ஒல்மான் வெல்லத் தண்ணீர் குடிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மலைக்கு அந்தப் பக்கம் சான் இசித்ரோ காபிக் கூட்டுறவிலிருந்து கேள்வி வந்தது. தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற அவர்களுடைய விவசாய அலுவலர்களுக்கு எட்டு வண்டி. மின்சாரத்தில் ஓடுவது. மேலாளர் தொன் எலாதியோ. அவருடைய மாமனாரின் முதல் பிக்கப்பே ஒல்மான் விற்றதுதான். தோன்யா மயேலா இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"நெடுஞ்சாலையில புதுசா மின்சார வண்டிக்குன்னே கடை தெறக்கப் போறேன். இந்த எட்டு வண்டி யார் பேர்ல முடியுதோ அவங்கதான் அங்க தலைமை. மத்தவங்க அவங்க சொல்றதைக் கேட்டு நடக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

ஒல்மானுக்கு ஐம்பத்தெட்டு. தலைமை என்ற பதவி அவருக்குப் பெரிதில்லை. ஆனால் அந்தக் குவானகாஸ்தேப் பெண் சொல்ல, இவர் "சரிங்க" என்று கேட்டு நடப்பதா? அதற்கு உருளைக்கிழங்கு வயலுக்கே திரும்பிப் போகலாம்.

எலாதியோ ஒரே நிபந்தனை வைத்தார். கொலிப்ரி கார்த்தாகோவிலிருந்து மலை தாண்டி எங்கள் முற்றத்துக்கு வரட்டும். என்னையும் இரண்டு அலுவலர்களையும் ஏற்றிக்கொண்டு மலை தாண்டித் திரும்பட்டும். அப்புறம் பேசலாம். மின்சார வண்டி என்பதால் யோர்லேனிதான் ஓட்டிப் போக வேண்டும். ஒரு வியாழக்கிழமை காலை எண்பத்தாறு சதவீதச் சார்ஜோடு கிளம்பினாள். அதற்கு மேல் ஏற்ற நேரமில்லை, அதிகாலையிலேயே இன்னொருவருக்கு ஓட்டிக் காட்டியிருந்தாள். அவளுக்கு அந்த வண்டியைத் தெரியும், மலையைத் தெரியாது. ஒல்மானுக்கு மலையைத் தெரியும், வண்டியைத் தெரியாது. கதையே இதுதான்.

பன்னிரண்டரை மணிக்கு ஒல்மானின் போன் அடித்தது. யோர்லேனி.

"தொன் ஒல்மான், சான் இசித்ரோ வந்துட்டேன். தொன் எலாதியோ பக்கத்துல இருக்கார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கார்த்தாகோலேந்து உச்சிக்கு வர்றதுக்குள்ள நாப்பத்திரண்டு சதவீதம் போயிருச்சு. இப்ப ஐம்பத்தஞ்சு இருக்கு. இந்தப் பக்கம் ஏத்தம் ஜாஸ்தின்றாங்க. இங்க சார்ஜ் போட்டுட்டுக் கெளம்பலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரு மணி நேரம் ஆகும்ன்றாங்க ஒல்மான். எனக்கு நாலு மணிக்கு அங்க கூட்டம் இருக்கு" என்று எலாதியோவின் குரல் உள்ளே புகுந்தது.

ஒல்மானின் மூளை பெட்ரோல் மூளை. அது சட்டென்று கணக்குப் போட்டது. இந்தப் பக்கம் ஏற நாற்பத்தைந்துக்கு மேல் போகும். உச்சியில் எட்டோ பத்தோ மிஞ்சும். அங்கிருந்து கார்த்தாகோ அறுபத்தேழு கிலோமீட்டர். இறக்கம் என்றாலும் வண்டி குடிக்காமல் ஓடுமா? அதற்கு ஒரு இருபது. ஆக, உச்சியில் நிற்கிற கோபுரங்கள் தாண்டி மூன்றாவது பெரிய வளைவில் படுத்துவிடும். மூன்று மணி மழை, எலும்பைத் துளைக்கிற குளிர், மூடுபனி, வண்டிக்குள் கூட்டுறவு மேலாளர். முடிந்தது கொலிப்ரியின் கதை.

சார்ஜ் போடும்மா என்று சொல்ல வேண்டியவர். வாய் வேறு சொன்னது.

"என்ன பொண்ணே இது? உன் வண்டி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா? இருபத்தாறு வருஷமா அந்த மலையை ஏறி எறங்கினவன் சொல்றேன். ஐம்பத்தஞ்சு தாராளம். சார்ஜும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கெளம்பி வா."

யோர்லேனி இன்னொரு தடவை கேட்டாள். "நெசமாத்தான் சொல்றீங்களா தொன் ஒல்மான்?"

எலாதியோ வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா! பிளக்கைக் கண்டாலே காறித் துப்புற ஒல்மானே சொல்றான். அவனே சொன்னப்புறம் என்னம்மா யோசனை? ஏறு வண்டியில!"

வாங்குகிறவர் அப்படிச் சொன்ன பிறகு, இல்லை எனக்குப் பயமாக இருக்கிறது என்று விற்கிறவள் சொல்ல முடியுமா? கிளம்பிவிட்டாள்.

போனை வைத்ததும் ஒல்மானுக்கு ஒரு குளிர்ச்சி பரவியது, பூட்ஸில் சேற்றை ரொப்பின அன்று பரவின அதே குளிர்ச்சி. பத்து நிமிஷம் அதை அனுபவித்தார். அப்புறம் எலாதியோவின் இருமல் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணிடம் கம்பளிச் சட்டை இருக்குமா என்று ஞாபகம் வந்தது. குவானகாஸ்தேக்காரிக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? இழுவை வண்டி சாலோவுக்குப் போன் போட்டார்.

"சாலோ, சாவுமலைக்குப் போய்க் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் நில்லு. மூணு மணி வாக்குல ஒரு கொலிப்ரி படுத்துக் கெடக்கும். இழுத்துட்டு வந்துரு."

"படுத்துக் கெடக்குமா? இன்னும் படுக்கலையா? ஜோசியம் பாக்கறீங்களா தொன் ஒல்மான்?"

"போடா, சொன்னதைச் செய்."

இரக்கத்தில் அனுப்பினாரா, கொலிப்ரியைக் கொக்கியில் தொங்கவிட்டு ஊர்வலமாகக் கொண்டுவரும் காட்சியைப் பார்க்க அனுப்பினாரா என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. இரண்டும்தான் இருக்கும்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. ஒல்மான் கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். போன் அடிக்கவில்லை. மூன்றே கால். அடிக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் உள்ளே வந்து பெட்ரோல் வண்டி விலை கேட்டாள். அவளுடைய அம்மாவின் முட்டியைப் பற்றி விசாரிக்கக்கூட மறந்துபோனார். மூன்று நாற்பதுக்குச் சேறு அப்பின ஒரு கொலிப்ரி, முனகக்கூட முனகாமல், வாசலில் வந்து நின்றது. அதன் பின்னால் சாலோவின் இழுவை வண்டி, காலிக் கொக்கியை ஆட்டிக்கொண்டு.

ஒல்மான் முகத்தில் ஈயாடவில்லை.

பின் சீட்டு அலுவலர்கள் இருவரும் இறங்குவதற்குள் எலாதியோ கதவைத் திறந்து இறங்கி நேராக ஒல்மானிடம் வந்தார். வந்தவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மனுஷனாய்யா நீ! உச்சியில எட்டுன்னு காட்டுச்சு. எட்டு! என் உசிரு தொண்டைக்கு வந்துருச்சு. தேவமாதாவே, கார்த்தாகோ போய்ச் சேர்ந்துட்டா சான் இசித்ரோவுலேந்து அங்க இருக்குற உன் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு நேந்துக்கிட்டேன். அப்புறம் எறங்க ஆரம்பிச்சோம். ஒல்மான், அது கூடுதய்யா! ஒன்பது, பத்து, பன்னெண்டு... எறக்கத்துல தன்னால சார்ஜ் ஏறுது. பதினேழோட வந்து நிக்குறோம்! மலை ஏறும்போது வாங்கினதை எறங்கும்போது குடுக்குற வண்டி எங்களுக்குத்தான்யா செஞ்சது. இப்ப நான் நூத்துப்பத்து கிலோமீட்டர் நடந்தாகணும், அது வேற விஷயம்."

தோன்யா மயேலா அறையிலிருந்து வெளியே வந்தார். எலாதியோ அவரிடம் திரும்பினார்.

"இதெல்லாம் இவனுக்குத் தெரிஞ்சிருக்கு தோன்யா மயேலா! சார்ஜ் போடாதேன்னு இவன்தான் சொன்னான். போட்டிருந்தா இதை நாங்க கவனிச்சிருக்கவே மாட்டோம். அதோட பாருங்க, சாலோ சொன்னான், எங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு மலை மேல இழுவை வண்டியை வேற நிறுத்தி வெச்சிருக்கானாம்! இந்தக் காலத்துல யார் செய்வா? எட்டு வண்டியும் எடுத்துக்கறேன். ஒல்மான் பேர்லயே போடுங்க."

சாலோ வாயைத் திறந்தான். ஒல்மான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

யோர்லேனி வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தலை நனைந்திருந்தது. முப்பது வாசலில் குப்புறப் படுத்தவள் நான், எட்டு சதவீதத்தோடு உச்சி தாண்டி ஓட்டினவள் நான், கட்டிப் பிடிப்பது இவரையா என்று அவள் முகம் கேட்டது. உதடு இறுகி, கன்னத்தின் ஓரம் துடித்தது. ஒல்மானுக்கு அந்த முகத்தைத் தெரியும். ஒரு வருஷமாகத் தினமும் காலையில் அதைத்தான் சவரம் செய்துகொண்டிருக்கிறார்.

"நான் அதுக்குச் சொல்லல" என்றார் ஒல்மான்.

"எதுக்கு?"

"வண்டி கோபுரம் தாண்டி மூணாவது வளைவுல நின்னுரும்னு கணக்குப் போட்டேன். நிக்கட்டும்னுதான் சார்ஜ் போடாதேன்னேன். நின்னா இந்தப் பொண்ணுக்கு எட்டு வண்டி போயிரும், பெட்ரோல் வண்டியா எனக்கு வரும். எறக்கத்துல ஏறும்னு எனக்கு எந்த எழவும் தெரியாது."

எலாதியோ ஒரு கணம் விழித்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "பாத்தீங்களா! பாராட்டினா இவனுக்குக் கூச்சம். இவன் அப்பாவும் இப்படித்தான்!" தோன்யா மயேலாவும் சிரித்தார். சாலோ சிரிக்கவில்லை. யோர்லேனியும் சிரிக்கவில்லை.

"பேரு யோர்லேனியோடதுதான் தோன்யா மயேலா" என்றார் ஒல்மான். பல்லைப் பிடுங்கினது போல வலித்தது. "வண்டியை ஓட்டினது அவ. அவ பேர்ல போடலைன்னா நான் நாளைக்கு வேலைக்கு வர மாட்டேன்."

தோன்யா மயேலா பேனாவை எடுத்தார். பெயர் எழுதியாயிற்று. எல்லோரும் காபிக்குப் போனார்கள். ஒல்மான் போகவில்லை. அந்தச் சட்டம் போட்ட கடிதத்தை இன்று படிக்க அவருக்குத் தெம்பில்லை. வாசலில் கொலிப்ரி பக்கத்தில் நின்றார். யோர்லேனியும் வந்து நின்றாள். நன்றி சொல்ல வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மூணாவது வளைவா?" என்றாள்.

"ம்."

"அங்கே நின்னிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சீங்களா? அந்தக் குளிர்ல?"

"சாலோவை அனுப்பினேனே."

"ஆமா. பெரிய தர்மப்பிரபு."

ஒல்மான் தலை நிமிரவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தார். அவள் அதற்கு மேல் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரால் அடக்க முடியவில்லை.

"எந்த எடத்துல கூட ஆரம்பிச்சுது?"

"என்னது?"

"சதவீதம். எந்த எடத்துல எட்டு ஒன்பதாச்சு?"

"கோபுரம் தாண்டி, மரச் சிலுவை ஒண்ணு இருக்கே. அங்க."

"யாரு மொதல்ல கவனிச்சது? எலாதியோவா?"

"நான்தான். காலைலயே, எண்பத்தாறுல நாப்பத்திரண்டு போயும் சான் இசித்ரோவுல ஐம்பத்தஞ்சு இருந்துச்சே."

மரச் சிலுவை அவருக்குத் தெரியாதா? ஆயிரம் தடவைக்கு மேல் அதைக் கடந்திருக்கிறார். இருபத்தாறு வருஷமாக அந்த மலை அவரிடமிருந்து வாங்கியதே தவிர, ஒரு சொட்டுப் பெட்ரோலைத் திருப்பிக் கொடுத்ததில்லை. நேற்று வந்தவளுக்கு, முதல் தடவையிலேயே, கேட்காமலே கொடுத்திருக்கிறது. எட்டு வண்டி போனது வலித்தது, தலைமை போனது வலித்தது. ஆனால் இது எல்லாவற்றையும்விட இதுதான் அடிவயிற்றில் பற்றியது.

"சாவியைக் குடு" என்றார். "நானும் ஒரு தடவை பாக்கணும்."

யோர்லேனி சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

ஒல்மான் வண்டிக் கதவில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்தார்.

"சரிங்க" என்றார்.